பக்கத்துக் கட்டம்

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அலுவலகத் தோழியிடமிருந்து வாட்ஸப் வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதுகிற தாளை, கேரக்டர் ஷீட்டை, படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பெயர் எழுதிவிட்டாள், ஃபைட்டர், அதாவது சண்டை வீரர், என்று எழுதிவிட்டாள், வலிமைக்கு 16 போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டமும் வரைந்துவிட்டாள். ‘ஃபைட்டிங் ஸ்டைல்’ என்ற இடத்தில் மட்டும் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, காகிதம் பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. படத்துக்குக் கீழே ஒரே வரி: “இதுல எதுடி எடுக்கறது?”

பதில் அடிக்க ஆரம்பித்தேன். ‘டூயலிங் எடு’ என்று அடித்து அழித்தேன். ‘உன் இஷ்டம்’ என்று அடித்து அதையும் அழித்தேன். அப்படிச் சொன்னால் அவளுக்கு ஒரு உதவியும் இல்லை. கடைசியில் “ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதி அனுப்பறேன்” என்று போட்டுவிட்டுப் படுத்தேன். அந்தப் பதில்தான் இது. அவள் ஒருத்திக்கென்று ஆரம்பித்தது, முதல்முறை ஃபைட்டர் எடுக்கிற யாருக்கும் உதவும் என்று தோன்றியதால் இங்கே வருகிறது.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வோம். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “நான் கதவை உடைக்கிறேன்” என்று சொன்னால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். வரும் எண்ணும் நம் திறமையும் சேர்ந்து கதவு உடைந்ததா இல்லையா என்று சொல்லும். நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். வேளச்சேரியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஞாயிறு சாயங்காலம். பகடை தரையில் ஓடாமல் இருக்கப் பெரிய எவர்சில்வர் தாம்பாளம், அது சத்தம் போடாமல் இருக்க அதில் ஒரு துண்டு. கட்டம் போட்ட சார்ட் பேப்பரில் ஒரு கட்டம் என்றால் ஐந்து அடி. காப்ளின் என்கிற குட்டி அரக்கர்களுக்குப் புளியங்கொட்டை, எங்களுக்குச் சதுரங்கக் காய்கள்.

அந்த 2014 விதிகளில் ஃபைட்டர் எடுத்தவர் முதல் லெவலிலேயே, அதாவது பாத்திரத்தின் முதல் படியிலேயே, ஒரு சண்டை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலடின் என்கிற புனித வீரருக்கும் ரேஞ்சர் என்கிற காட்டு வீரருக்கும் இரண்டாவது லெவலில் வரும். ஆறு முறைகள் இருக்கின்றன. வில்லுக்கு ஆர்ச்சரி. கவசத்துக்கு டிஃபென்ஸ். ஒற்றைக் கை ஆயுதத்துக்கு டூயலிங். இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய ஆயுதத்துக்கு கிரேட் வெப்பன் ஃபைட்டிங். பக்கத்தில் இருப்பவரைக் காக்க புரொடெக்‌ஷன். கைக்கொரு ஆயுதம் வைத்துக்கொள்ள டூ வெப்பன் ஃபைட்டிங். எடுத்தால் எடுத்ததுதான். அந்தப் புத்தகத்தின்படி பிறகு மாற்ற வழி இல்லை. தோழியின் அழிப்பான் அவ்வளவு வேலை செய்ததற்கு அதுதான் காரணம்.

என் முதல் ஃபைட்டருக்கு நான் இவ்வளவு யோசிக்கவில்லை. இணையத்தில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் மேலே நின்றது கிரேட்சோர்ட், இரண்டு கையால் வீசுகிற பெரிய வாள். அடி விழுந்தால் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. கிரேட் வெப்பன் முறையை எடுத்தால் சேதத்தில் 1 அல்லது 2 விழுந்த பகடையை ஒருமுறை திரும்ப உருட்டலாம். சராசரி 8.33 ஆகும். அதோடு வலிமைக்கு 3, ஏனென்றால் வலிமை 16 என்றால் போனஸ் 3. நான் வாளைத்தான் பார்த்தேன். மேஜையில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

உட்கார்ந்திருந்தது என் தம்பி. அவன் எடுத்திருந்தது விஸார்ட், அதாவது மந்திரவாதி. முதல் லெவல் விஸார்டுக்கு உயிர் எவ்வளவு தெரியுமா? ஆறு, அதோடு உடல்வலு போனஸ். அவனுக்கு மொத்தம் 7 ஹிட் பாயின்ட். ஒரு காப்ளினுக்கும் அதே 7தான். ஷீட்டின் ஓரத்தில் தன் மந்திர ஆந்தையை வரைந்திருந்தான், இறகு இறகாக, கண்ணுக்கு மஞ்சள் கலர் பென்சில் தீட்டி.

குகை ஒன்றில் சண்டை. ஆறு புளியங்கொட்டைகள். என் முறை வந்ததும் முப்பது அடி, அதாவது ஆறு கட்டம் முன்னால் ஓடி நடுவில் போய் நின்றேன். எல்லோரும் என்னைத்தான் அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் காப்ளின்களிடம் ஒரு வித்தை உண்டு, நிம்பிள் எஸ்கேப் என்று பெயர். பக்கத்தில் நிற்பவரிடம் அடி வாங்காமல் நழுவிப் போக அவற்றுக்கு, வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கிற குட்டிச் செயலான, ஒரு போனஸ் ஆக்‌ஷன் போதும். நழுவின. மூன்று புளியங்கொட்டைகள் என்னைத் தாண்டிப் போய்த் தம்பியின் காயைச் சுற்றி உட்கார்ந்தன. முதல் இரண்டு அடியில் அவன் விழுந்தான். விழுந்து மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்திலிருந்து அடித்தால் அது தானாகவே கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி, சாவுக் கணக்கில் இரண்டு கோடு. மூன்று கோடு விழுந்தால் முடிந்தது.

என் முறை திரும்ப வந்தபோது அவனுக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது. ஆறு கட்டம் திரும்பி ஓடினேன். வீசினேன், பட்டது. பகடையில் 6ம் 5ம், வலிமைக்கு 3, ஆக 14. அந்தக் காப்ளினின் உயிர் 7. அதற்குத் தேவைப்பட்டதைப்போல் இரண்டு மடங்கு அடித்திருந்தேன். மிச்ச இரண்டில் ஒன்று தம்பியைக் குத்தியது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினான், எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டான். எனக்கு டம்ளரைக் கொடுக்கும்போது மட்டும் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, நீ கத்தியையே பார்த்துட்டு இருந்தே. கால் எங்க இருக்குன்னு பார்க்கல.”

அவன் பள்ளியில் படிக்கும்போது இரண்டு வருஷம் சிலம்பம் கற்றுக்கொண்டவன். சாயங்காலம் கூட்டிவரப் போவது நான்தான். ஆரம்பத்தில் ஆசான் கம்பைக் கொடுக்கவே இல்லை, வெறும் காலடிதான். மைதானத்தில் கோடு கிழித்து, எந்தக் கால் முன்னால், எந்தக் கால் பின்னால், எப்போது திரும்புவது என்று அதையே போட்டுப் போட்டுப் பழக்கினார். கம்பு எப்போது வரும் என்று அவன் தினமும் வீட்டில் புலம்புவான். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த மைதானம் ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பிறகு நான் இந்த ஆறு முறைகளையும் வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு அடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. இதை எடுத்தால் நான் அறையில் எந்தக் கட்டத்தில் நிற்பேன், என் பக்கத்துக் கட்டத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கணக்கை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால் அதுவே இதைத்தான் சொல்கிறது.

பெரிய வாளையே எடுத்துக்கொள்வோம். கிரேட்சோர்டில் அந்த முறை கூட்டித் தருவது எவ்வளவு? 7 என்பது 8.33 ஆகிறது, ஒரு அடிக்கு 1.33. பன்னிரண்டு முகப் பகடை உருட்டுகிற கிரேட்ஆக்ஸில் இன்னும் குறைவு, 6.5 என்பது 7.33 ஆகும், வெறும் 0.83. டூயலிங்கோ ஒற்றைக் கையில் ஓர் ஆயுதம் மட்டும் வைத்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் தவறாமல் 2 கூட்டும். பேரில் பெரியதாக இருப்பது உண்மையில் தருவது குறைச்சல். கிரேட்சோர்டின் பலம் அந்த வாளிலேயே இருக்கிறது. அந்த முறை அதன்மேல் கொஞ்சம் நெய் ஊற்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வலிமை 16. கிரேட்சோர்டும் அதன் முறையும் சேர்ந்தால் அடிக்குச் சராசரி 11.33. லாங்சோர்டும் டூயலிங்கும் சேர்ந்தால் எட்டுமுகப் பகடையின் 4.5, வலிமையின் 3, முறையின் 2, ஆக 9.5. வித்தியாசம் இரண்டுக்கும் கீழே. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தால் மறு கையில் கேடயம் வைத்துக்கொள்ளலாம். கேடயம் வைத்திருப்பதால் டூயலிங் போகாது, ஏனென்றால் விதி சொல்வது வேறு ஆயுதம் இருக்கக் கூடாது என்று, கேடயம் அந்தக் கணக்கில் வராது. முதல்முறை ஆடுபவர்கள் நிறையப் பேர் இதைத் தப்பாகப் படித்து, ஒரு கையைக் காலியாகத் தொங்கவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள்.

கேடயம் ஆர்மர் கிளாஸில் 2 கூட்டும். அடி பட எதிரி பகடையும் போனஸும் சேர்த்து எட்ட வேண்டிய எண் அது, நாங்கள் ஏசி என்போம். இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் நூற்றுக்கு ஐந்து. சங்கிலிக் கவசத்துக்கு ஏசி 16. காப்ளினின் அட்டாக் போனஸ் 4, ஆக 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டுவிடும், நூற்றுக்கு 45 முறை. கேடயத்தோடு 18 ஆனால் 35 முறை. டிஃபென்ஸ் முறையையும் எடுத்து 19 ஆக்கினால் 30 முறை. ஒரே ஒரு புள்ளிதானே என்று டிஃபென்ஸைத் தள்ளிவிடுகிறார்கள். 35 என்பது 30 ஆவது ஏழு அடியில் ஓர் அடி குறைவது. கவசம் ஏற ஏற அந்த ஒரு புள்ளியின் மதிப்பும் ஏறும். என்ன எடுப்பது என்று தெரியவே இல்லை என்றால் டிஃபென்ஸை எடுத்தால் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஷீட்டில் எழுதிவிட்டு மறந்துவிடலாம். மறந்துவிடலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடிக்காத விஷயமும்.

திரும்ப அந்த 7 உயிர் காப்ளினிடம் வருகிறேன், ஏனென்றால் ஆரம்ப லெவல்களில் எதிரே நிற்பது பெரும்பாலும் அதுதான். லாங்சோர்டும் டூயலிங்கும் வைத்திருப்பவர் அடித்துப் பட்டால் குறைந்தபட்சம் 6. எட்டு முறையில் ஏழு முறை ஒரே அடியில் அது விழும். கிரேட்சோர்டில் கிட்டத்தட்ட எல்லா முறையும் விழும். பெரிய வாளின் பெருமை முழுக்க அந்த எட்டாவது முறைக்குத்தான். மிச்சமெல்லாம் செத்த காப்ளினை இன்னும் கொஞ்சம் சாகடிப்பது. ஓகர் என்கிற பெரிய அரக்கன் மாதிரி 59 உயிர் வைத்திருப்பது எதிரே வந்தால் கதை வேறு, அங்கே ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் ஏறும். ஆக எந்த ஆயுதம் நல்லது என்பதை எதிரே நிற்பவருக்கு எவ்வளவு உயிர் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

1974இல் வந்த முதல் விதிகளில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே சேதம்தான், ஓர் ஆறுமுகப் பகடை. குத்துவாளும் அதேதான், இரு கை வாளும் அதேதான். அடுத்த வருஷம் வந்த துணைப் புத்தகத்தில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. எல்லாமே ஒன்று என்று இருந்த அந்த ஒரு வருஷமும் மக்கள் ஆயுதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இதையெல்லாம் சொன்னாலும் பெரிய வாளில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. 1 விழுந்த பகடையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து, உள்ளங்கையில் ஒரு நொடி குலுக்கி, திரும்பப் போடும்போது மேஜையில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். டூயலிங்கில் அந்த நொடி கிடையாது. கூட்டத்தில் ஏற்கெனவே கேடயத்தோடு ஒரு பாலடினோ, கிளெரிக் என்கிற பூசாரியோ முன்னால் நின்றால், தாராளமாகப் பெரிய வாளை எடுக்கலாம். அங்கே இன்னொரு கேடயத்தைவிட சீக்கிரம் சண்டையை முடிக்கிற ஆள்தான் தேவை.

ஆர்ச்சரி கணக்கில் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும். மற்ற முறைகள் சேதத்திலோ ஏசியிலோ கை வைக்கும்போது இது ஒன்றுதான் அட்டாக் ரோலிலேயே, அதாவது அடி படுமா என்று பார்க்கிற பகடையிலேயே, 2 கூட்டுகிறது. நூற்றுக்கு 65 முறை பட்ட அம்பு 75 முறை படும். இன்னொன்றும் உண்டு. நமக்கும் எதிரிக்கும் நடுவில் நம் ஆளே நின்றால் எதிரிக்குப் பாதி மறைவு, அவன் ஏசியில் 2 கூடும். ஆர்ச்சரியின் 2 அதைச் சரிக்குச் சரி கழித்துவிடும். அதாவது தோழர்களின் தோளுக்கு மேலே அம்பு விடலாம். லாங்போ 150 அடி போகும், அதைத் தாண்டி 600 அடி வரைக்கும் சிரமப்பட்டுப் போகும். ஆனால் எங்கள் டி.எம். வரைகிற குகைகளில் 150 அடிக்கு இடம் ஏது? சார்ட் பேப்பரே அவ்வளவு நீளம் இல்லை. இன்னும் ஒன்று, வில்லுக்கு இரண்டு கை வேண்டும். கேடயத்தை மாட்டவோ கழற்றவோ ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். ஆபத்து வந்தால் கேடயத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பது அவ்வளவு சுலபமாக நடக்காது.

இரண்டு ஆயுதம் பிடிப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, ஏனென்றால் அவர்கள் கடைசியில் ஏமாறுகிறார்கள். முதல் லெவலில் இரண்டு ஷார்ட்சோர்டும் பட்டால் 6.5ம் 6.5ம் சேர்ந்து 13. கிரேட்சோர்டின் 11.33ஐத் தாண்டுகிறது. ஆகா என்று எடுத்துவிடுவார்கள். ஐந்தாவது லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி வரும். வலிமை போனஸ் 4 என்று வைத்தால் கிரேட்சோர்ட் இரண்டு அடியில் 24.67, ஷார்ட்சோர்ட் மூன்று அடியில் 22.5. பதினோராவது லெவலில் போனஸ் 5 ஆகி மூன்றாவது அடியும் வந்தபிறகு 40க்கு 34. இடது கை அடி எப்போதும் ஒன்றுதான், அது கூடுவதே இல்லை. அதோடு அந்த அடி போனஸ் ஆக்‌ஷனைத் தின்னும். ஃபைட்டர் தன் உயிரைக் கொஞ்சம் மீட்டுக்கொள்கிற செகண்ட் விண்டுக்கும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். மூச்சு வாங்குவதா, இடது கையை வீசுவதா என்று சரியாக உயிர் போகிற நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

சரி, புரொடெக்‌ஷனுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கேடயம் கையில் இருக்க வேண்டும். என் பக்கத்துக் கட்டத்தில், அதாவது ஐந்து அடிக்குள், இருக்கிற வேறொருவரை என் கண்ணில் படுகிற எதிரி தாக்கினால், பிறர் முறையில் குறுக்கிடக் கிடைக்கிற என் ரியாக்‌ஷனைச் செலவழித்து அந்தத் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கலாம். அதாவது எதிரி இரண்டு பகடை உருட்டி, குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான், ஆக ஒரு முறைதான். இணையக் கணக்குகளில் இதற்கு எப்போதும் கடைசி இடம், ஏனென்றால் நான் அடிக்கிற அடியில் இது ஒரு புள்ளிகூடக் கூட்டாது.

தம்பி புது விஸார்ட் போட்டான், நான் புது ஃபைட்டர் போட்டேன். இந்த முறை யானைக் காயை எடுத்துக்கொண்டேன், அவன் மந்திரிக் காயை. நான்காவது ஞாயிறோ ஐந்தாவதோ, பாழடைந்த கோட்டை ஒன்றில் ஒரு குறுகிய நடை. மூலை திரும்பினால் ஓகர். அதற்குக் காய் இல்லாததால் டி.எம். சமையலறையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துவந்து வைத்தான். ஓகர் நான்கு கட்டத்தை அடைக்கும், டப்பா சரியாக உட்கார்ந்தது. பின்னால் கதவு மூடிவிட்டது. தம்பிக்கு ஓடவும் இடமில்லை, என் இடது பக்கக் கட்டத்தில் நின்றான்.

ஓகரின் அட்டாக் போனஸ் 6. மந்திரக் கவசம் போட்ட தம்பியின் ஏசி 15. பகடையில் 9 விழுந்தால் பட்டுவிடும், நூற்றுக்கு 60. பட்டால் இரண்டு எட்டுமுகப் பகடையும் 4ம், சராசரி 13. தம்பிக்கு இந்த முறையும் உயிர் 7தான். ஒரே அடியில் 14 போய்விட்டால் சாவுக் கோடெல்லாம் கிடையாது, அந்த இடத்திலேயே முடிந்தது, ஏனென்றால் மிச்சச் சேதம் முழு உயிரைத் தொட்டுவிடும். மேஜையில் எல்லோருக்கும் இது தெரியும். டி.எம். பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, “உன்னைத் தாண்டி, பக்கத்துல இருக்கறவன் மேல...” என்று ஆரம்பித்தான். பகடை கையைவிட்டுப் போவதற்குள் நான் உள்ளங்கையைத் தாம்பாளத்தின் விளிம்பில் வைத்தேன். “கேடயம்,” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு இருபது முகப் பகடையைப் பகடை டப்பாவிலிருந்து தேடி எடுத்தான். இரண்டையும் சேர்த்து உருட்டினான். ஒன்று 17. இன்னொன்று துண்டின் மடிப்பில் சாய்ந்து நின்று, பிறகு மெதுவாகப் படுத்தது. 4. நாலும் ஆறும் பத்து, 15க்குக் கீழே. தம்பி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவன் கை ஷீட்டில் 7 என்று எழுதியிருந்த எண்மேல் அப்படியே இருந்தது.

அறுபது சதவீதம் இந்த இடத்தில் முப்பத்தாறாக இறங்குகிறது. பத்து வீச்சில் ஆறு பட்டது, நாலுக்கும் கீழே படும். டிஃபென்ஸ் எனக்கு ஏசியில் ஒன்று கூட்டும்போது, இது பக்கத்தில் நிற்பவனுக்கு ஐந்து புள்ளிக்குச் சமமாக வேலை செய்துவிட்டது. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான், ஆனாலும் அந்த ஒருமுறைதான் அங்கே வேண்டியிருந்தது.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தோழி என்மேல் கோபப்படுவாள். முதலாவது, பகடை உருள்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வேகமாக உருட்டிவிட்டு “பட்டுடுச்சு, ஒன்பது டேமேஜ்” என்று சொல்கிற டி.எம். இருந்தால் இந்த முறையை உபயோகிக்கவே முடியாது. முதல் நாளே அவரிடம் பேசி வைக்க வேண்டும்: யாரைத் தாக்குகிறது என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டு உருட்டுங்கள் என்று. எங்கள் டி.எம். முதலில் மறந்துபோவான், இப்போது பழகிவிட்டது. இரண்டாவது, ரியாக்‌ஷனை இதற்குச் செலவழித்தால் ஓடுகிற எதிரியைத் தட்ட அந்தச் சுற்றில் வேறு ரியாக்‌ஷன் இல்லை. மூன்றாவதுதான் பெரியது: நல்ல விஸார்ட் உங்கள் பக்கத்துக் கட்டத்தில் நிற்கவே மாட்டார், அறுபது அடி தள்ளி நிற்பார். திறந்த வெளியில் சண்டை நடக்கிற கதைகளில் இந்த முறை பாதி நாள் சும்மா இருக்கும். கிட்டே நின்று குத்துகிற ரோக் என்கிற திருடன், கிளெரிக் இவர்களுக்குத்தான் அங்கே உதவும். எங்கள் கதை பூராவும் நடைகளும் படிக்கட்டுகளும் குகைகளும். ஒதுங்க இடமே கிடையாது. அதனால் எங்களுக்கு ஒத்துவந்தது.

எனக்கு இதில் கிடைத்த பெரிய விஷயம் கணக்கில் வராதது. முன்பெல்லாம் என் முறை முடிந்ததும் போனை எடுத்துவிடுவேன், மிக்சரைக் கொறிப்பேன், திரும்ப என் பேரைக் கூப்பிடும்போதுதான் நிமிர்வேன். புரொடெக்‌ஷன் எடுத்தபிறகு அது முடியாமல் போயிற்று. எதிரியின் ஒவ்வொரு முறையும் எனக்கும் முறைதான். யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு உயிர் குறைச்சல், இந்த அடிக்குக் கொடுப்பதா அடுத்ததுக்கு வைத்துக்கொள்வதா என்று மனசு அங்கேயே இருக்கும். மூன்று மணி நேரம் மேஜையில் முழுசாக உட்கார்ந்திருந்தது எனக்கு அந்த ஃபைட்டரோடுதான் முதலில் நடந்தது.

2020இல் வந்த இன்னொரு புத்தகத்தில் இன்டர்செப்‌ஷன் என்று ஒரு முறை சேர்த்தார்கள். அடி பட்டபிறகு பத்துமுகப் பகடை உருட்டி, லெவலோடு ஏறுகிற நம் புரொஃபிஷன்சி போனஸையும் கூட்டி, அவ்வளவு சேதத்தைக் குறைக்கலாம். வேகமான டி.எம். இருக்கிற மேஜைக்கு அது நல்லது, பட்டது என்று தெரிந்தபிறகு சொன்னால் போதும். 2024 விதிகளில் புரொடெக்‌ஷனையே பலப்படுத்திவிட்டார்கள். ஒருமுறை கொடுத்தால், அவர் பக்கத்திலேயே நாம் நிற்கிற வரைக்கும், நம் அடுத்த முறை வரும்வரை அவர்மேல் வருகிற எல்லாத் தாக்குதலுக்கும் டிஸ்அட்வான்டேஜ். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே புத்தகத்தில் கிரேட் வெப்பன் முறையில் திரும்ப உருட்டுவது போய், 1ம் 2ம் விழுந்தால் 3 என்று எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. சராசரி 8.33இலிருந்து 8க்கு இறங்கியதைவிட, அந்தக் குலுக்குகிற நொடி போனதுதான் எனக்கு வருத்தம். இன்னொரு நல்ல மாற்றம், ஃபைட்டர் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் சண்டை முறையை மாற்றிக்கொள்ளலாம். அந்த விதிகளில் ஆடுபவர்களின் காகிதம் இவ்வளவு தேயாது.

நாம் ஆடுவது 2014 என்பதால் உனக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே உனக்கு நான் சொல்வது இது. இந்தக் கதையில் நான் ரேஞ்சர். இரண்டாவது லெவல் வந்ததும் ஆர்ச்சரி எடுத்துக்கொண்டு பின்னால் நிற்பேன். தம்பி வழக்கம்போல் விஸார்ட், உயிர் 7. இன்னொருத்தன் ரோக், கிட்டே போய்க் குத்திவிட்டு அங்கேயே நிற்பான், உயிர் 9. முன்னால் நிற்கக் கேடயத்தோடு யாரும் இல்லை. இதைப் படித்துவிட்டு நீ பெரிய வாளைத்தான் எடுக்கிறாய் என்றால் எடு, நாங்கள் அதற்கேற்ற மாதிரி நின்றுகொள்வோம். போருக்குப் போகிறவள் நீ. ஆனால் முதல் நாள் நீ ஈட்டி பிடிக்கலாமா என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஈட்டி ஒற்றைக் கையில் ஆறுமுகப் பகடை, இருபது அடி வரை நன்றாக எறியலாம், மறு கையில் கேடயம் வைத்துக்கொள்ளலாம். டூயலிங்கோ புரொடெக்‌ஷனோ, இரண்டும் அதோடு ஒத்துப்போகும். ரோக் நிற்கிற கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

யானைக் காயை உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் காகிதம் கிழிந்தால் கவலைப்படாதே, புது ஷீட் இரண்டு பிரிண்ட் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வந்துவிடு, தம்பி டீ போடுவான்.